குறைந்தபட்சம் மூன்று ஆண்டுகள்

உளவியலில் முனைவர் பட்டம் வாங்க எவ்வளவு காலம் ஆகும் என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பல்கலைக்கழக விதிமுறைப் புத்தகத்தில் போட்டிருக்கிறது, எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தோன்றும். அதில் தெளிவாகத்தான் இருக்கிறது: குறைந்தபட்சம் மூன்று ஆண்டுகள். எனக்கு எட்டு வருடமும் ஏழு மாதமும் ஆயின. அதற்கு முன்னால் இளங்கலைக்கு மூன்று, முதுகலைக்கு இரண்டு. பதினேழு வயதில் திண்டுக்கல்லுக்குப் பெட்டியோடு வந்தவளுக்கு, படித்து முடித்தபோது காதோரம் நரை தட்டியிருந்தது.

என் தப்பு ஒன்றுதான். 'குறைந்தபட்சம்' என்ற சொல்லை நான் வீட்டில் சொல்லவில்லை.

சேர்க்கைக் கடிதம் வந்த அன்று ஊருக்குப் போயிருந்தேன். சேவுகம்பட்டிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம், வரப்போரம் சில தென்னைகள். நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் அம்மா பூவைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, மிச்சம் விழுந்த பூவைக் கட்டிக்கொண்டிருந்தாள். சந்தையில் மொட்டுக்குத்தான் மதிப்பு. மலர்ந்துவிட்ட பூவை யாரும் வாங்க மாட்டார்கள். அப்படி மலர்ந்ததைத்தான் அம்மா தினமும் கட்டித் தன் கொண்டையில் வைத்துக்கொள்வாள். அப்போது அவளுக்கு அடர்த்தியான தலை. இரண்டு கையாலும் சுற்றினால்தான் கொண்டை அடங்கும். காட்டு வேலைக்குப் போனாலும், ரேஷன் கடைக்குப் போனாலும், காய்ச்சலில் படுத்திருந்தாலும் அதில் பூ இருக்கும்.

"எம்புட்டு வருசம்த்தா?" என்று கேட்டாள்.

"மூணு வருசம்."

"அம்புட்டுத்தான? அது கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும்."

முதுகலை இரண்டு வருடம் என்று சொன்னேன், சொன்னபடி இரண்டே வருடத்தில் முடித்தேன். அம்மாவைப் பொறுத்தவரை படிப்பு என்பது அப்படித்தான். சேர்ந்த தேதி ஒன்று, முடிகிற தேதி ஒன்று. அந்த வெள்ளிக்கிழமை அவள் ஊர் முத்தாலம்மன் கோவிலுக்குப் போனாள். என்னையும் கூப்பிட்டாள். எனக்குப் படிக்க இருந்தது, போகவில்லை. அங்கே அவள் சாமியிடம் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரிய நாலு வருடம் ஆனது.

திண்டுக்கல்லில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், ஒற்றை அறை பிடித்தேன். அங்கிருந்து தினமும் பல்கலைக்கழகத்துக்குப் போய் வருவேன். கீழே பூட்டுச் சாமான்கள் விற்கும் கடை. பகலெல்லாம் இரும்புச் சத்தம், சாயங்காலம் ஷட்டரை இறக்கினால் ஒரு சத்தமும் கிடையாது. என் ஆய்வுத் தலைப்பு கிராமப் பெண்களின் தனிமை உணர்வு. தலைப்பைக் கேட்டதும் அப்பா சிரித்தார். "தனிமையப் பத்திப் படிக்கத் தனியாப் போய் உக்காந்துருக்கே. நல்ல படிப்புத்தான்" என்றார். அப்பா எதையும் கேலியாகத்தான் சொல்வார். அந்தக் கேலி அறைக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

துறையில் முதல் வருடம் எங்கள் பேட்ச்சில் ஏழு பேர் இருந்தோம். ஒருவரை ஒருவர் 'ஏய்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். மத்தியானம் ஏழு டப்பாவும் ஒரே மேஜையில் திறக்கும், யாருடைய வெஞ்சனம் யார் தட்டில் என்று கணக்கே இருக்காது. பிறகு ஒருத்தி கல்யாணமாகிப் போனாள், ஒருவன் வேலை கிடைத்துப் போனான், இரண்டு பேர் முடித்துவிட்டே போனார்கள். அடுத்து வந்தவர்கள் என்னை 'அக்கா' என்றார்கள். அதற்கும் அடுத்து வந்தவர்கள் 'மேடம்' என்றார்கள். மேடம் என்று கூப்பிடுகிறவர்கள் கூட உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். ஐந்தாவது வருடத்திலிருந்து நான் டப்பாவை நூலகத்துக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் பெஞ்சில் திறந்து, பத்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுவேன். அங்கே உட்கார்ந்திருப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று இருக்கும். யாராவது பார்க்க மாட்டார்களா என்றும் இருக்கும்.

இதற்கு நடுவில்தான் என் பெரிய முட்டாள்தனம் நடந்தது. தனிமையை அளக்க ஒரு கேள்வித்தாள் உண்டு. 'மனம் விட்டுப் பேச உங்களுக்கு ஆள் இருக்கிறதா', 'உங்களை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்று தோன்றுகிறதா' என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'எப்போதும்', 'சில சமயம்', 'ஒருபோதும் இல்லை' என்று குறிக்க வேண்டும். அதைத் தமிழாக்கி, சரிபார்த்து, ஒப்புதல் வாங்கவே ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது. ஆள் சுலபமாகக் கிடைப்பார்கள் என்று எங்கள் பக்கத்துப் பூந்தோட்டங்களுக்கே போனேன். காலையில் பூ எடுத்து முடித்துப் பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நேரம். ஒருத்தியிடம் கேட்பேன், பக்கத்தில் இருப்பவள் பதில் சொல்வாள்.

"மனசு விட்டுப் பேச ஆள் இருக்கா உங்களுக்கு?"

"அவளுக்கென்ன, நாங்க இத்தன பேரு இல்லையா? இருக்குன்னு போட்டுக்க தாயி."

"உங்களுக்குத் தனியா இருக்கற மாதிரித் தோணுமா?"

"ஒத்தையில இருக்க எங்க நேரம்? இல்லைன்னு போடு."

கேட்கப்பட்டவள் வாயில் சோறோடு தலையை ஆட்டுவாள். நானும் குறித்துக்கொண்டேன். அவர்களோடு உட்கார்ந்திருந்தது எனக்குச் சுகமாக இருந்தது, அதுதான் விஷயம். எனக்குச் சோறு போட்டார்கள், தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிட்டார்கள். ஒரு வருடம் அப்படியே போய் வந்தேன். தாள்களை எல்லாம் கட்டி என் ஆய்வு நெறியாளரின் மேஜையில் வைத்தபோது அவர் நிதானமாகப் பத்துப் பதினைந்து தாள்களைப் புரட்டினார். எல்லாவற்றிலும் ஒரே வரிசையில் டிக் விழுந்திருந்தது.

"ஏம்மா, உங்க ஊர்ப் பக்கம் ஒரு பொம்பளைக்குக்கூடத் தனிமையே இல்லையா?" என்றார். "கூட்டத்துல வச்சு இதைக் கேக்கலாமா?"

அதை எனக்கு முதுகலையிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். தாள் அத்தனையும் வீண். ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்து, முதலிலிருந்து கேட்க வேண்டும். அன்று பேருந்து நிலையத்தில் மூன்று பேருந்துகளை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு ஃபோன் போட்டு, "அடுத்த வருசம் முடிஞ்சிரும்மா" என்று சொன்னேன். அம்மா "சரித்தா" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் வத்தலக்குண்டில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் சந்தனம், கல்கண்டு, பூ வைத்த தட்டோடு ஒரு பெண் நின்றாள். அம்மா சந்தனம் தொட்டுக்கொண்டாள், கல்கண்டு எடுத்துக்கொண்டாள், பூவை எடுக்காமல் உள்ளே போனாள். நான் கவனிக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த அத்தைதான், அப்பாவின் அக்கா, என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏண்டி, உன் படிப்பு என்னைக்குத்தான் முடியும்?"

"முடிஞ்சிரும் அத்தை. ஏன்?"

"ஏனா? ஒங்காத்தா தலையில பூ ஏறி நாலு வருசமாச்சு. நீ படிச்சு முடிச்சாத்தான் வப்பேன்னு சாமிக்குச் சொல்லிருக்கால்ல. தெரியாத மாதிரிக் கேக்குறே."

எனக்கு உண்மையிலேயே தெரியாது. நான் மனிதர்களைக் கவனிப்பதைத் தொழிலாகப் படித்தவள். முன்பின் அறியாத ஒரு பெண் விரலை எத்தனை முறை முடக்கி நீட்டினாள் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தவள். மாதம் ஒருமுறை ஊருக்குப் போய், அம்மா எதிரே உட்கார்ந்து சாப்பிட்டு, அவள் கையால் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன். அந்தத் தலையில் பூ இல்லாததை நாலு வருடமாக நான் பார்க்கவில்லை. பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்று இன்றுவரை நினைவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சண்டை போட்டேன். "யாரைக் கேட்டு இப்படிச் சொன்னே? இது இப்ப முடியற படிப்பு இல்லம்மா. நீ வச்சுக்க."

"நீதான் மூணு வருசம்னே."

"அது குறைஞ்சபட்சம்மா. அதிகபட்சம் ஆறு, அதுக்கு மேல நீட்டிப்பு வேற குடுப்பாங்க."

அம்மா கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையைப் பிரித்து வெற்றிலையை எடுத்து வைத்தாள். பிறகு, "இருக்கட்டும். சாமிகிட்ட நான் வருசமாச் சொன்னேன்? முடிச்சா வச்சுக்கிறேன்னு சொன்னேன். ஒரு பூதான, வைக்காட்டி என்ன குடியா முழுகிப் போகுது" என்றாள். பூசாரியிடம் கேட்டு ஒரு பரிகாரம் செய்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "பாதியில விட்டா உனக்கும் பாதியிலதான் நிக்கும்" என்று முடித்துக்கொண்டாள். திண்ணமாகச் சொன்னாள், வருத்தமாகச் சொல்லவில்லை. தினமும் விடியலில் மடி நிறையப் பூ எடுப்பவள், ஒரு பூவைத் தலையில் வைக்காமல் இருந்தாள். மிச்சம் விழுகிற மலர்ந்த பூவைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு, மீதியை அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கொடுத்துவிடுவாள்.

அப்பா எங்கள் சண்டையைக் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "நீ சேந்த வருசம் வச்ச தென்னம்பிள்ள பாள விட்டுருச்சு, ஆத்தா. அதுக்குத் தண்ணி மட்டுந்தான் ஊத்துனேன். உனக்கு என்ன ஊத்தணும்னு சொல்லு, அதையும் ஊத்துறேன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் வேகமாக ஓட நினைத்த ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று குறுக்கே விழுந்தது. நெறியாளர் ஓய்வு பெற்றார். புது நெறியாளர் வந்து பூந்தோட்டப் பெண்கள் மட்டும் போதாது, மானாவாரிப் பக்கத்துப் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்றார். அவர் சொன்னது நியாயம்தான், அதனால் எதிர்த்துப் பேசவும் வழியில்லை. பிறகு கொரோனா வந்து ஊரையே பூட்டியது. செலவுக்காக ஒரு பள்ளிக்கூடத்தில் ஆலோசகர் வேலைக்குச் சேர்ந்து, ஆய்வைப் பகுதிநேரமாக மாற்றிக்கொண்டேன். பகுதிநேரம் என்றால் காலம் இன்னும் நீளும்.

மானாவாரிப் பெண்களுக்காகக் குஜிலியம்பாறைப் பக்கம் போனேன். அங்கே பெண்களைத் தனியாகப் பார்ப்பது கஷ்டமில்லை. மழை இல்லாத வருடம், ஆண்கள் வேலைக்கு வெளியூர் போயிருந்தார்கள். வேலமரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் உட்கார்ந்தேன். அம்மா வயதிருக்கும். கேள்விகளுக்கு அவசரமில்லாமல், நன்றாக யோசித்து, ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். மனம் விட்டுப் பேச ஆள் இருக்கிறதா என்று கேட்டபோது, "இல்ல" என்றாள். அவ்வளவு நேராக அந்தப் பதிலை எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. எல்லாம் முடிந்து நான் தாளை மடித்தபோது அவள் கேட்டாள்.

"உனக்கு யாரும்மா இருக்கா பேச?"

"எங்கம்மா இருக்காங்க."

"அவுககிட்ட எல்லாத்தையும் சொல்லுவியா?"

நான் சிரித்து மழுப்பினேன். அவள் ஆட்டை ஓட்ட எழுந்தாள். திரும்பி வருகிற பேருந்தில், உறவினர்களை ஆய்வு மாதிரியில் சேர்க்கக் கூடாது என்ற விதிப்படி நான் எங்கள் அம்மாவை மட்டும் எதுவுமே கேட்டதில்லை என்று ஞாபகம் வந்தது. விதி ஆய்வுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. இருந்தாலும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ என்ற பயமும் கொஞ்சம் உண்டு.

ஏழாவது வருடம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து அடைப்பை நீக்கினார்கள். இனி மோட்டார் போடக்கூடக் குனியக் கூடாது என்றார்கள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். நெற்றி நிறையக் குங்குமம், வெறும் கொண்டை. எங்கள் ஊரில் கணவனை இழந்தவள் பூ வைக்க மாட்டாள். யாரும் அதை உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை, எல்லோருக்கும் தெரியும். அப்பா போய்விட்டால், அதற்குப் பிறகு நான் படித்து முடித்து என்ன பயன்? இது நாள் வரை தள்ளிக்கொண்டே போனது ஒரு தேதி மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அம்மாவும் அதை நினைத்திருப்பாள். சொல்ல மாட்டாள். அப்பாதான் சொன்னார், அவருடைய வழக்கமான கேலியில்.

"ஆத்தா, நான் இருக்கறப்பவே முடிச்சுரு. ஒங்கம்மா பூ வச்சுப் பாத்து எம்புட்டோ நாளாச்சு. இப்பெல்லாம் யாரோ ஒரு பொம்பள வீட்டுக்குள்ள நடமாடுற மாதிரி இருக்கு."

"சும்மா கிடங்க" என்று அம்மா அவர் போர்வையை இழுத்துவிட்டாள்.

ஆறே மாதத்தில் ஆய்வேட்டை எழுதி முடித்தேன். அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் எழுதாததை எல்லாம் அந்த ஆறு மாதத்தில் எழுதினேன். இரண்டு கட்டுரைகள் வெளியாக வேண்டும், ஆகின. கருத்துத் திருட்டுச் சோதனை, சமர்ப்பிப்பதற்கு முந்தைய முன்னளிப்புக் கூட்டம், திருத்தம், பைண்டிங். சமர்ப்பித்த அன்று அப்பாவுக்குத்தான் முதலில் ஃபோன் செய்தேன். "முடிஞ்சிருச்சா?" என்றார். "கொடுத்தாச்சுப்பா. ரெண்டு பேர் படிச்சுப் பாத்து எழுதி அனுப்பணும், அப்புறம் வாய்மொழித் தேர்வு" என்றேன். "இன்னும் இருக்கா?" என்றார்.

ஒரு தேர்வாளரின் அறிக்கை இரண்டு மாதத்தில் வந்தது. இன்னொருவரின் அறிக்கை வரவே இல்லை. வாரம் ஒருமுறை பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போவேன். "நினைவூட்டல் அனுப்பியிருக்கோம் மேடம்" என்பார்கள். யாரோ ஒருவர், முகம் தெரியாதவர், எந்த ஊரிலோ, என் ஆய்வேட்டை மேஜை மேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு என்ன தெரியும்?

அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தோட்டத்துக்குப் போய்த் தென்னைக்குத் தண்ணீர் பாய்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தவர், காபி கேட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். அம்மா காபியோடு வந்தபோது போயிருந்தார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டுவிட்டார்கள்.

கருமாதிக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்களில் ஒரு வழக்கம் உண்டு. கணவனை இழந்தவளைப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சேலையைக் கட்டச் சொல்லி, கை நிறைய வளையல் போட்டு, பெரிய பொட்டும் தலை நிறையப் பூவும் கடைசியாக ஒருமுறை வைப்பார்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்கள். கொடுமையான வழக்கம்தான். ஆனால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் கூடி, ஆளுக்கொரு முழமாகப் பூவைக் கொண்டுவருவார்கள். தாம்பாளத்தில் பூ மலையாகக் குவிந்திருந்தது. அத்தைதான் முதல் சரத்தை எடுத்துக்கொண்டு அம்மாவின் பின்னால் போனாள். அம்மா சட்டென்று கையைத் தூக்கித் தலையை மூடிக்கொண்டாள்.

"பூ வேண்டாம்."

"என்னடி வேண்டாம்? இன்னைக்குத்தான கடைசி. இனி எங்க?"

"அவளுக்கு இன்னும் முடியல மதினி. முடிச்சாத்தான் வப்பேன்னு சொல்லியிருக்கேன்."

பெண்களில் ஒருத்தி, இதெல்லாம் இப்போ யார் பார்ப்பது என்றாள். இன்னொருத்தி அழுதாள். அம்மா கையை எடுக்கவே இல்லை. அத்தை சரத்தைத் தாம்பாளத்தில் திரும்ப வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கோபமாகப் பார்க்கவில்லை, அப்படிப் பார்த்திருந்தால் தேவலை. நான் தூணோரம் நின்றேன். அந்த வீட்டில், அத்தனை சொந்தங்களுக்கு நடுவில், என்னோடு யாருமே இல்லை. என் ஆய்வேட்டில் அந்த உணர்வுக்கு வரையறை எழுதியிருக்கிறேன், ஒன்றரைப் பக்கத்துக்கு. பூ இல்லாமலே மற்றதெல்லாம் நடந்தது.

இரண்டாவது அறிக்கை அடுத்த மாதம் வந்தது. ஒரே பக்கம். பாராட்டித்தான் எழுதியிருந்தார்.

வாய்மொழித் தேர்வு நடந்த அன்று அம்மாவும் வந்தாள். வர மாட்டாள் என்று நினைத்தேன். கொடைரோட்டில் பேருந்து மாறி, தனியாகவே வந்து இறங்கினாள். நெற்றியில் விபூதி, கையில் ஒரு துணிப்பை. கருத்தரங்கக் கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் ஆங்கிலத்தில் நடந்ததை எல்லாம் அசையாமல் கேட்டாள். "உங்கள் ஆய்வின் குறை என்று எதைச் சொல்வீர்கள்?" என்று தேர்வாளர் கேட்டார். எல்லோரையும் கேட்கிற கேள்வி அது. மாதிரியின் அளவு, வட்டாரம், காலம் என்று மனப்பாடமாக இருந்ததைச் சொன்னேன். சொல்லும்போது கடைசி வரிசையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அவர் அறிவித்ததும் கைதட்டினார்கள். யார் யாரோ பொன்னாடை போர்த்தினார்கள். மிக்சரும் காபியும் கொடுத்தேன், அது ஆய்வாளரின் செலவு.

கூட்டம் கலைந்த பிறகு அம்மா என் பக்கத்தில் வந்தாள்.

"முடிஞ்சிருச்சா?"

ஆட்சிக்குழு ஒப்புதல், தற்காலிகச் சான்றிதழ், பட்டமளிப்பு விழா எல்லாம் இன்னும் இருந்தன. நாக்கு நுனி வரை வந்தது.

"முடிஞ்சிருச்சும்மா."

"நெசமா?"

"நெசமா."

"அப்ப வா, இப்பவே போவோம்" என்றாள்.

ஊரில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே முத்தாலம்மன் கோவிலுக்கு நடந்தாள். பூசாரி அப்போதுதான் நடை திறந்திருந்தார். அம்மா துணிப்பையிலிருந்து ஓர் ஈரத் துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். காலையில் எங்கள் தோட்டத்தில் எடுத்து, அவளே கட்டிய மல்லிகைச் சரம். மொட்டாகக் கட்டியது, பைக்குள்ளேயே முழுக்க மலர்ந்துவிட்டிருந்தது. பூசாரி அதை வாங்கி அம்மன் காலடியில் வைத்துத் தீபம் காட்டினார். திரும்பி வந்தவர், சரத்தோடு ஒரு நிமிடம் தயங்கி, என்னிடம் நீட்டினார்.

"அவகிட்ட இல்ல சாமி. என் கையில குடுங்க" என்றாள் அம்மா. "முடிச்சா வச்சுக்கிட்டு மூணு சுத்துச் சுத்துறேன்னு சொல்லியிருக்கேன்."

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் குடத்தை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். பூசாரி அம்மாவையும் பார்த்தார், அம்மனையும் பார்த்தார். சரத்தை அவளிடமே கொடுத்தார்.

அம்மா சரத்தை என்னிடம் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். இரண்டு கையாலும் சுற்ற வேண்டியிருந்த அந்தக் கொண்டை இப்போது எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. நடுவில் மண்டைத் தோல் தெரிந்தது. எட்டரை வருடமாக மாதம் ஒருமுறை இந்தத் தலைக்கு எதிரேதான் உட்கார்ந்து சாப்பிட்டேன். சரத்தைச் சுற்றினேன், வழுக்கி வந்தது. மறுபடி சுற்றினேன், மறுபடியும் வந்தது. என் தலையிலிருந்த கிளிப்பை எடுத்து மாட்டினேன். கிளிப்புக்குப் பிடிக்க அங்கே ஒன்றுமில்லை.

"நிக்க மாட்டேங்குதாத்தா?" என்றாள் அம்மா, திரும்பாமல்.

"கொஞ்சம் இரும்மா."

"அவரு இருந்தாச் சிரிப்பாரு" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. அவளுக்குக் கேட்காமல் அழுதேன். பிறகு சரத்தைக் கொண்டையைச் சுற்றி வைத்து, உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டேன். அம்மா நடக்கத் தொடங்கினாள். நான் கையை எடுக்காமல் அவள் பின்னாலேயே, அவள் நடைக்கு என் நடையை வைத்து நடந்தேன். முதல் சுற்றில் பூ என் விரல் இடுக்கில் கசங்கி வாசம் வந்தது. இரண்டாவது சுற்றில் குழாயடியில் இருந்த பெண்கள் தலையைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"இன்னும் ஒரு சுத்து இருக்கு" என்றாள் அம்மா. "கைய எடுத்துறாதே."

"எடுக்கலம்மா" என்றேன்.